வாளி மைனி

அலுவலகத்தில் என் மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்தால் மண்ணெண்ணெய் வாடை அடிக்கும். உள்ளே அடுப்பு ஏதும் வைத்திருக்கிறீர்களா சார் என்று பக்கத்து இருக்கைக்காரர் இரண்டு முறை கேட்டுவிட்டார். உள்ளே இருப்பது ஒரு பழைய காமிக்ஸ் புத்தகம். படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளை, அட்டை மட்டும் வண்ணம். அந்த வண்ணமும் இப்போது போன மாதிரிதான். நடுவில் இருக்க வேண்டிய இரண்டு கம்பிப் பின்களும் இல்லை. அவற்றைப் பிடுங்கிவிட்டு நாலு இடத்தில் துளை போட்டு நீல நூலால் தைத்திருக்கிறது. முதல் பக்கத்தில் என் பெயர், வகுப்பு, ஊர். ஆனால் அது என் கையெழுத்து அல்ல. என் அண்ணன் மனைவி எழுதியது. எங்கள் பக்கத்தில் மைனி என்று சொல்வோம். அந்தப் பெயருக்கு முன்னால் நான் ஒரு பட்டத்தை ஒட்டவைத்தேன். அதைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். எழுதாமல் ஒரு வருடத்தை ஓட்டிவிட்டேன், இனிமேல் ஓட்ட முடியாது.

அண்ணனுக்குக் கல்யாணமாகி மைனி ஆரல்வாய்மொழியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் ஏழாம் வகுப்பு. வந்த மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, அவள் பெட்டியைத் திறந்து சேலைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். சேலைகளுக்கு அடியில் பதினொரு காமிக்ஸ் புத்தகங்கள். வாசலில் நின்ற என்னைப் பார்த்ததும் சட்டென்று மேலே ஒரு பட்டுச் சேலையைப் போட்டு மூடினாள். மூடிவிட்டு, என் முகத்தைப் பார்த்துவிட்டு, மறுபடியும் மெல்லத் திறந்தாள். என் கண் அப்படி விரிந்திருக்க வேண்டும். அம்மா நல்லவள்தான், ஆனால் வாய் பொல்லாதது. கெட்டி வந்த பெண் பொம்மைப் புத்தகம் வாசிக்கிறாள் என்று தெரிந்தால் வயலில் களை பறிக்கிறவர்கள் வரைக்கும் சொல்லிச் சிரிப்பாள். ஆகவே அன்றைக்கே எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. புத்தகங்கள் எல்லாம் என்னுடையவை. மைனியே பேனாவை எடுத்து ஒவ்வொன்றிலும் என் பெயரை எழுதினாள், நான் எழுதினால் கோழி கிண்டியது போல இருக்கும் என்று சொல்லி. அந்தப் பதினொன்றும் அவள் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து சேர்த்தவை. ஐந்து நிமிடத்தில் எனக்குச் சொந்தமாகிவிட்டன.

அதற்குப் பிறகு மாதம் ஒரு சனிக்கிழமை நான் பஸ் ஏறி நாகர்கோவில் போவேன். வடசேரிப் பேருந்து நிலையத்துக்கு வெளியே ஒரு கடையில் புத்தகம் வந்திருக்கும். சட்டைக்குள் சொருகிக்கொண்டு வந்து சேர்வேன். மத்தியானம் பாத்திரம் கழுவி முடித்து, அம்மா சாய்ந்த பிறகு, நெல்மூட்டை அடுக்கிய பின்னறையில் இருவரும் உட்காருவோம். மைனி வாசிப்பாள், நான் படம் பார்ப்பேன். வில்லனுக்கு ஒரு குரல், போலீஸ்காரனுக்கு ஒரு குரல். போலீஸ் அதிகாரி கோபப்படும் இடத்தில் அப்படியே எங்கள் அண்ணன் குரல் வரும். சிரிப்பை அடக்க முடியாமல் நான் மூட்டையில் முகத்தைப் புதைத்துக்கொள்வேன். கடைசி இரண்டு பக்கம் இருக்கும்போது மைனி புத்தகத்தை மூடி மடியில் வைத்துவிடுவாள். யார் செய்தது, எப்படித் தப்பிப்பான் என்று நான் சொல்ல வேண்டும், அவளும் சொல்வாள். சொன்ன பிறகுதான் திறப்பது. முன்கூட்டியே முடிவைச் சொல்லுகிறவனோடு எனக்குப் பேச்சு கிடையாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ஆரல்வாய்மொழியில் வாசிக்க உட்கார்ந்தால் காற்றே பக்கத்தைப் புரட்டி முடிவைக் காட்டிவிடும், அதனால் ஜன்னலைச் சாத்திவிட்டு வேர்க்க வேர்க்க வாசித்தவளாக்கும் நான் என்பாள்.

எங்கள் ஊரில் வருடத்துக்கு இரண்டு மழைக்காலம், எடவப்பாதி ஒன்று, ஐப்பசி ஒன்று. புத்தகத்தின் பின்கள் துருப்பிடித்து, சுற்றிலும் தாள் பழுப்பாகி, நடுப்பக்கம் தனியாகக் கழன்று வரும். மைனி ஒவ்வொரு புத்தகத்திலும் பின்னைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தையல் டப்பாவிலிருந்து நீல நூல் எடுத்துத் தைப்பாள். தைத்த புத்தகங்கள் பின்னறைச் சுவரலமாரியில் ஏறும். நான் கல்லூரிக்குப் போகும்போது எண்பத்து நாலு இருந்தன.

கல்லூரியில் மூன்றாவது வருடம் படிக்கும்போது மைனிக்குப் பேறுகாலம் வந்தது. பிறந்த வீட்டுக்குப் புறப்படும்போது ஒரே ஒரு புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொண்டாள். அந்த மாதம் வந்த புதுப் புத்தகம் அது. கடலுக்கு அடியில் மூழ்கிக் கிடக்கும் கப்பலுக்குள் ஒரு முக்குளிப்பவன் இறங்குகிறான். மேலே படகிலிருந்து அவனுக்குக் காற்று போகிறது. கடைசிப் படத்தில் காற்றுக் குழாயின் மேல் கத்தியை வைத்திருக்கும் ஒரு கை. முகம் இல்லை, கை மட்டும்தான். கீழே, அடுத்த இதழில் தொடரும். படகில் இருப்பது நாலு பேர், அதில் யாருடைய கை? கப்பல் கேப்டன்தான் என்று மைனி அடித்துச் சொன்னாள். அடுத்த மாதம் இரண்டாம் பாகம் வந்ததும் வாங்கிப் பத்திரமாக வைக்கச் சொன்னாள். கார் ஏறிய பிறகும் தலையை வெளியே நீட்டி, "யாரு கைன்னு எங்கிட்ட சொல்லிராத மக்கா, நான் வந்து வாசிக்கேன்" என்றாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் அப்படிச் சொன்னதற்கு அம்மா, என்ன கை, என்ன வாசிப்பு என்று என்னைக் கேட்டாள். பாடப் புத்தகம் என்றேன்.

இரண்டாம் பாகம் வந்தது. வாங்கினேன், பஸ்ஸிலேயே வாசித்தும் முடித்தேன். அதற்கு இரண்டு வாரம் கழித்து எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடை விழா. கல்லூரியில் கூடப் படிக்கிறவர்கள் ஏழெட்டுப் பேர் கொடைக்கு வருவதாக இருந்தது. ராத்திரி தங்க இருப்பது அந்தப் பின்னறைதான். அவர்களில் ஒருவன் எதைப் பார்த்தாலும் கேலி செய்கிறவன். சுவரலமாரியைத் திறந்தால், என் பெயர் எழுதிய நூற்றுக்கு மேற்பட்ட பொம்மைப் புத்தகங்கள். நினைத்துப் பார்க்கவே எனக்குக் கூசியது. ஒளித்து வைத்திருக்கலாம், ஒரு சாக்கில் கட்டிப் பரணில் போட்டிருக்கலாம். அந்த வயதுக்கு அதெல்லாம் தோன்றவில்லை. பழைய பேப்பர்காரர் தெருவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். கூப்பிட்டு, அலமாரியைக் காலி செய்து கொடுத்தேன். அவர் என்ன கொடுத்தார் என்பதுகூட நினைவில் இல்லை. நீல நூலைப் பார்த்து, யாரோ நல்லா தைச்சிருக்காவளே என்று அவர் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. வந்தவர்கள் யாரும் கடைசியில் அந்த அலமாரியைத் திறக்கவே இல்லை.

மூன்று மாதக் குழந்தையோடு மைனி திரும்பி வந்தாள். குழந்தையைக் கட்டிலில் போட்ட கையோடு பின்னறைக்குத்தான் போனாள். நான் பின்னால் போய், செதல், அதாவது கறையான், அரித்துவிட்டது, எல்லாவற்றையும் எடுத்து எரிக்க வேண்டியதாயிற்று என்றேன். வாயில் வந்த பொய் அது, முன்கூட்டி யோசித்ததுகூட இல்லை. மைனி வெறும் அலமாரியைக் கையால் தடவிப் பார்த்தாள். ரெண்டாம் பாகமுமா மக்கா என்று கேட்டாள். அதுவும் என்றேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. மறுநாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பழந்துணியை மண்ணெண்ணெயில் முக்கி அந்த அலமாரியின் மூலை முடுக்கெல்லாம் பூசிக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டேன். "பொம்மப் புஸ்தகம் போனா போட்டு. உனக்கு காலேஜ் புஸ்தகம் கெடக்குல்லா, அத அரிச்சிரப்பிடாது" என்றாள். நான் அங்கேயே நின்றேன். அந்த நிமிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

வேலை, கல்யாணம், நாகர்கோவிலில் தனி வீடு. நாற்பது வயதுக்கு மேல் காமிக்ஸ் பைத்தியம் மறுபடியும் பிடித்தது. பழைய காமிக்ஸ் சேகரிப்பவர்கள் கூட்டத்தில் எனக்கு மூன்று பேர் நெருங்கிய நண்பர்கள் ஆனார்கள். மதுரையில் பல் டாக்டர் ஒருவர், மார்த்தாண்டத்தில் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், மஸ்கட்டில் வேலை பார்க்கும் ஒரு கொளச்சல்காரர். டாக்டர், வாத்தியார், மஸ்கட் என்றே எங்களுக்குள் கூப்பிட்டுக்கொள்வோம். பழைய வாசகர்கள் இருவர் சந்தித்தால் முதலில் கேட்கும் கேள்வி, உங்கள் புத்தகமெல்லாம் எப்படிப் போச்சு என்பதுதான். எல்லோருக்கும் ஒரு கதை இருக்கும், அந்தக் கதையில் வீட்டிலிருந்து ஒரு வில்லன் இருப்பார். டாக்டரின் அப்பா வாசலில் போட்டுக் கொளுத்தினார். வாத்தியாரின் அம்மா வெந்நீர் அடுப்பில் ஒவ்வொன்றாக வைத்தாள். மஸ்கட்டின் மாமி மீன் பொதியக் கொடுத்துவிட்டாள். என் முறை வந்தது. நான்தான் போட்டேன் என்று சொன்னால் அந்தக் கூட்டத்தில் என்னை யார் மதிப்பார்கள்? எங்கள் மைனி பழைய பேப்பர்காரரிடம் ஒரு பிளாஸ்டிக் வாளிக்குப் போட்டுவிட்டாள் என்றேன். மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்த முறை சொல்லும்போது வாளிக்கு நிறம் வந்தது, பச்சை. அதற்கடுத்த முறை, வாளி போதாதென்று மைனி பேரம் பேசி ஒரு மக்கும் சேர்த்து வாங்கினாள். மைனியை நேரில் பார்த்திராத அந்த மூவருக்கும் அவள் வாளி மைனி ஆனாள். போனில் பேசும்போது, வாளி மைனி சுகந்தானா என்று விசாரிப்பார்கள். சுகம் என்பேன்.

போன வருடம் நாகர்கோவிலில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து மூன்று நாள் காமிக்ஸ் திருவிழா நடந்தது. எங்கள் ஊரில் இப்படி ஒன்று நடக்கும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. நண்பர்கள் மூவரும் வந்து என் வீட்டிலேயே தங்கினார்கள். கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. அந்த நாளின் சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். கல்லூரிப் பிள்ளைகள் வேஷம் கட்டி வந்திருந்தார்கள். முதுகில் சிவப்புத் துணி கட்டிய ஒருவன் ஆரல்வாய்மொழியில் காற்றாலைக் காற்றாடிக்குக் கீழே நின்று படம் எடுக்கப் போனானாம், துணி பறந்து போய் வேறு துணி கட்டி வந்திருந்தான். படம் வரைகிறவர்கள் மேசை போட்டு உட்கார்ந்து, கேட்டவர்களை எல்லாம் கேலிச்சித்திரமாக வரைந்து தந்தார்கள். வாத்தியாரின் மூக்கைப் பார்த்து மஸ்கட் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த ரசவடை கீழே விழுந்தது. மத்தியானம் பழைய புத்தகக் கடையில் டாக்டர் ஒரு கூச்சல் போட்டார். ஓடிப்போய்ப் பார்த்தால், பிளாஸ்டிக் உறைக்குள் பின் துருவேறாமல், மூலை மடங்காமல், அந்த முக்குளிப்பவன் கதையின் இரண்டாம் பாகம். பதினைந்து வருடமாகத் தேடுகிறேன் என்று அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். மைனி வாசிக்காமல் போன புத்தகம் என்று ஒரு கணம் நினைத்தேன். அடுத்த நிமிடம் காபி வந்தது, மறந்துவிட்டேன்.

கடைசி நாள் மாலையில் வழக்கமாக ஒரு நிகழ்ச்சி உண்டு. பழைய வாசகர்கள் மேடை ஏறி, சேர்த்த புத்தகங்கள் போன கதையைச் சொல்ல வேண்டும். இரங்கல் கூட்டம் என்று அதற்கு வேடிக்கைப் பெயர். டாக்டர் என்னைத் தள்ளிவிட்டார். நான் ஏறினேன். வாளிக் கதையை அன்றைக்குச் சொன்ன மாதிரி ஒருபோதும் சொன்னதில்லை. பேப்பர்காரர் தராசில் வைக்க வைக்க, மைனி வாளியைத் தட்டித் தட்டி ஓட்டை இருக்கிறதா என்று பார்த்ததை நடித்தே காட்டினேன். மைனியின் குரலில் பேரம் பேசினேன். எனக்குக் குரல் மாற்றிப் பேசக் கற்றுத் தந்தவளின் குரலில். மண்டபமே அதிர்ந்தது. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு இறங்கும்போதுதான் கடைசி வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் ஒரு துணிப்பையை வைத்துக்கொண்டு மைனி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன்.

அன்று குழந்தையாக இருந்த அண்ணன் மகள் இப்போது பெங்களூரில் இருக்கிறாள். திருவிழாச் செய்தியை அவள்தான் போனில் அம்மாவுக்கு அனுப்பியிருக்கிறாள். யாரிடமும் சொல்லாமல் மைனி டவுன் பஸ் ஏறி வந்துவிட்டாள். நான் மேடைப் படியிலேயே நின்றேன். மைனியே எழுந்து வந்தாள். முகத்தில் கோபம் இல்லை, கூட்டத்தில் முட்டிவிடக் கூடாதே என்ற கவனம்தான் இருந்தது. நண்பர்கள் யார் என்பதுபோலப் பார்த்தார்கள். எங்க மைனி என்றேன். டாக்டர் முகமெல்லாம் மலர்ந்து, "அட, வாளி மைனியா! எத்தனை வருசமா உங்களைப் பாக்கணும்னு இருக்கோம்!" என்றார்.

மைனி என்னைப் பார்த்தாள். ஒரு கணம்தான். வீட்டில் நான் பிறந்த நாள் முதல் எல்லாரும் என்னை மக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், அவளும் அப்படித்தான். அன்றைக்கு, "ஆமா, நாந்தான். தம்பி சொன்னது சரிதான். பச்ச வாளி. நல்ல கெனமான வாளியாக்கும்" என்றாள். மூவரும் மறுபடியும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதை எழுத எனக்குக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்: நானும் சிரித்தேன்.

அப்போதுதான் டாக்டர் கையிலிருந்த உறையை மைனி பார்த்தாள். இது ரெண்டாம் பாகமில்லியா என்று கேட்டாள். குரலே மாறிவிட்டது. ஒரு தடவ பாத்துட்டுத் தரட்டா என்று கை நீட்டினாள். டாக்டர் புத்தகத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, "வாளி மைனி கையில மட்டும் புத்தகம் குடுக்க மாட்டேன்பா. மக்கு ஒண்ணு வாங்கிருவாங்க" என்றார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார், அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. மைனி நீட்டிய கையை மடக்கிச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டாள். உண்மை என் நாக்கு நுனியில் நின்றது. டாக்டரே, கொடுங்க, முப்பது வருசமா முடிவு தெரியாம இருக்கிறது இவங்க, போட்டது நான். இவ்வளவுதான் வேண்டியது. மண்டபத்தில் அடுத்த ஆள் பேச ஆரம்பித்துவிட்டார், அதைக் கேட்பதுபோல மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மைனி துணிப்பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தாள். பிறந்த வீட்டுக்குக் கொண்டுபோன முதல் பாகம். அதன் ஜோடியைத் தேடித்தான் வந்திருந்தாள். டாக்டரிடம் நீட்டி, "இதயும் நீங்களே வச்சுக்கிடுங்க. ரெண்டும் ஒண்ணா இருக்கட்டு" என்றாள். டாக்டர் வாங்கிப் புரட்டினார். சேகரிக்கிறவர்கள் முதலில் பார்ப்பது பின்னைத்தான். அச்சச்சோ, பின்னைப் பிடுங்கித் தச்சுட்டாங்களே, போச்சே என்றார். மண்ணெண்ணெ வாடை வேற என்று முகர்ந்து பார்த்தார். பிறகு முதல் பக்கத்தில் பெயரைப் பார்த்துவிட்டு, உன் புத்தகம்தான், ஒண்ணு தப்பிச்சிருக்கு பாரு என்று என் கையில் வைத்தார். நான் வாங்கிக்கொண்டேன். பைக்கில் கொண்டு விடுகிறேன் மைனி என்றேன். வேண்டாம், கூட்டுக்காரங்க வந்திருக்காவல்லா, நீ இரி என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள். வாசலில் வேஷம் கட்டிய பிள்ளைகள் ஒதுங்கி வழி விட்டார்கள். அன்றைக்கு நாங்கள் எடுத்துக்கொண்ட படத்தில் எல்லோரையும்விட நான்தான் அதிகம் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு மாதம் கழித்துத்தான் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் நடந்ததை எல்லாம் சொல்லி ஒரு நீண்ட குரல் பதிவு போட்டேன். மஸ்கட் சிரிப்புப் பொம்மைகளை அனுப்பினார். வாத்தியார், புதுக் கதையும் கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு, ஆனாலும் வாளிக்கு ஈடாகாது மக்கா என்று எழுதினார். உண்மை அவர்களிடம் எடுபடவில்லை, பொய்யை அவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்கிறேன். டாக்டர் மட்டும் போன் செய்தார். நிஜமாவா என்று கேட்டார். நிஜம் என்றேன். "கை நீட்டினாங்களேடா. குடுக்காம விட்டுட்டேனே" என்றார். நாலாம் நாள் கூரியரில் இரண்டாம் பாகம் வந்தது, உறை பிரிக்காமல்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பாகங்களையும் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். மைனி அடுக்களை வாசலில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தாள். உறையைப் பார்த்ததும் கையைச் சேலையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். நான் வாயைத் திறப்பதற்குள், யாரு கைன்னு சொல்லிராத என்றாள். இல்ல மைனி என்றேன். பிறகு, செதல் அரிக்கல்ல மைனி, நாந்தான் பேப்பர்காரருக்குப் போட்டேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன். மைனி அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது மண்டபத்துலயே தெரிஞ்சிட்டு என்றாள். முதல் பாகத்தை நீட்டினேன். வாங்கவில்லை. "அதுல உன் பேருல்லா இருக்கு. நீ வச்சுக்க" என்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து உள்ளே போகப் போனவள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வருசா வருசம் எடவப்பாதி மழைக்கு முந்தி அந்த அலமாரிக்கு மண்ணெண்ணெ பூசுவேன் மக்கா. இந்த ஒரு புஸ்தகத்தயாவது காப்பாத்தணும்லா. அதுக்குப் பெறவு ஒரு செதலு வந்தது கெடையாது. நான் பூசுனதுனாலயாக்கும்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள். சொல்லிவிட்டு, பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வாசிக்கிற சத்தம் வெளியே கேட்குமா என்று கொஞ்ச நேரம் நின்றேன். கேட்கவில்லை. மனதுக்குள் வாசித்திருப்பாள்.

நீல நூல் போட்ட புத்தகம் என் இழுப்பறையில்தான் இருக்கிறது. வீட்டில் வைக்க மனம் வரவில்லை. இதை எழுதத் தொடங்கிய பிறகு, நேற்று பக்கத்து இருக்கைக்காரர் மூன்றாம் முறையாகக் கேட்டார். கறையான் வராமலிருக்க எங்கள் மைனி பூசியது என்றேன். அதற்கெல்லாம் பலன் உண்டா சார் என்றார். முப்பது வருடத்தில் ஒன்றுகூட வந்ததில்லை என்று சொல்லி இழுப்பறையைச் சாத்தினேன்.